சத்தமில்லாமல் பார்த்த கச்சேரிகள்

டிவிடி உறையைத் திறந்ததும் உன் வீட்டு அலமாரியின் பாச்சை உருண்டை வாசனை வந்தது. நேற்று உன் மனைவி சுதா கூப்பிட்டிருந்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறாளாம்; உன் கச்சேரி டிஸ்க்குகளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்றாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நம் இருவரின் அப்பாக்களும் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர்கள். கல்லூரி நாட்களில் மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய சாமான் கடையில் நீ அந்த வீடியோ கேசட்டைக் கண்டெடுத்தாய். நாம் பெயர்கூடக் கேட்டிராத ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் மேடைக் கச்சேரி. ஒரு பாட்டு முடியவே அரைமணி நேரம் ஆனது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ டிரம்மரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏழு ஏழா எண்ணிப் பாரு, புரியும்" என்றாய். எண்ணினேன், உடனே தவறினேன்.

அதன்பின் அவர்களின் கச்சேரி எந்த வடிவில் வந்தாலும் வாங்கினாய். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் உன் வீட்டுக்கு வருவது எனக்கு வழக்கமானது. டிஸ்க்குக்கு டிஸ்க் அவர்களுக்கு முடி நரைத்தது. பாடகர் உச்சத்தில் பாட வேண்டிய வரிகளைக் கூட்டத்திடம் விட்டுவிட்டார். நமக்கும் வயதானது.

பிறகு உன் காது மங்கியது. நரம்புக் கோளாறு, திரும்பாது என்றார் டாக்டர். கருவி வைத்துப் பார்த்தாய். பேச்சு கொஞ்சம் கேட்டது, பாட்டு வெறும் இரைச்சலாக வந்தது, கழற்றி வைத்துவிட்டாய். ஒரு ஞாயிறு நான் வந்தபோது டிவியில் சத்தமே இல்லை. நீ தொடையில் தாளம் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாய். ரிமோட்டை எடுத்துச் சத்தம் வைத்தேன். உன் விரலும் டிரம்மும் ஒன்றாக விழுந்தன. என் முகத்தைப் பார்த்து, பழகிய கன்னடம் கலந்து சொன்னாய்: "அவன் கை போதும் கணோ. எனக்குக் கேக்குது."

கடைசியாக வந்த கச்சேரியில் அந்த டிரம்மர் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் இருந்த இளைஞன் நன்றாகவே வாசித்தான். உன் விரல் தொடங்கியது, தடுமாறியது, நின்றது.

"இவன் கை எனக்குக் கேக்கல."

உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சமையலறையிலிருந்து வந்த சுதா கதவருகே நின்றுவிட்டாள். நீ உள்ளங்கையை விரித்து என்னிடம் நீட்டினாய்.

"நீ போடு."

எனக்குத் தாளம் வராதே என்று சைகை காட்டினேன்.

"தெரியும். போடு."

போட்டேன். பல இடங்களில் தவறினேன். நீ ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

அடுத்த மாதம், பால் வாங்கப் போன இடத்தில் விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், காபி கொடுத்தேன். யாரோ என் தோளில் சாய்ந்து அழுதார், முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

இன்று அந்தக் கடைசி டிஸ்க்கைச் சத்தமில்லாமல் ஓட விட்டேன். யாரோ ஒருவன் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். சத்தம் வைத்த பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பாட்டு எதுவும் என்னிடம் தங்கவில்லை. தங்கியிருப்பது உன் உள்ளங்கையின் சூடும், நான் தவறிய இடங்களிலும் அது விலகாமல் இருந்ததும்தான்.