கை நடுங்கிப் போட்ட கோடல்ல அது

உன் மகள் நேற்று அம்மருட்டில் உன் வீட்டுச் சாமான்களை ஒதுக்கி முடித்துவிட்டு என் கதவைத் தட்டினாள். கையில் நாலாய் மடித்த பேக்கிங் தாள். விரித்தேன். எண்ணெய்க் கறை, எள் வாசம், நடுவில் சிவப்புப் பென்சிலால் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயைப் பறிகொடுத்த பிள்ளை, பாவம், திகைத்துப்போய் நின்றாள்.

அன்றைக்கு இருந்தவர்களை நான் மறப்பேனா? குரோருட்டில் வயதானவர்களுக்கு நடந்த நோர்வே மொழி வகுப்பு. நான், பாலஸ்தீனக்காரி நீ, இஸ்ரேலில் இருந்து மகளோடு வந்து சேர்ந்த மிரியம், வாத்தியார்ப் பெட்டை இங்கெர், பின் வாங்கில் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்ட சோமாலிக்காரர் யூசுப். ஐந்து பேர். வேறு யாராவது தாமும் இருந்ததாகச் சொன்னால் பொய்.

நீயும் மிரியமும் அந்த மாரி முழுக்க ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. நடுக் கதிரையில் நான். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்து எனக்குத்தான் கழுத்து நோ.

இடது, வலது, பக்கத்தில், பின்னால் என்ற சொற்களைப் படிப்பிக்க, இங்கெர் அவரவர் ஊர் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். உங்கள் இரண்டு பேருடைய ஊரும் ஒரே தாளில் அடங்கியதால் ஒன்றுதான் எடுத்திருந்தாள். மலை இருந்தது, ஆறு இருந்தது, எல்லை இல்லை.

"இதிலை என்ரை நாடு எங்கை முடியுது?" என்று கேட்டாய்.

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றாள் மிரியம். நீங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

இங்கெரின் முகம் சிவந்துபோயிற்று. எல்லையை நீங்களே போடுங்கள் என்று சிவப்புப் பென்சிலை எடுத்துத் தந்தவள் நான். அப்போது எங்கள் நாட்டுச் சண்டைக்கும் நோர்வேக்காரர்தான் நடுவர். அவர்கள் எங்களுக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்தால் என்ன? அதோடு, வேலிச் சண்டை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வேலிக் கதியால் தடியை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக ஒன்றுவிட்ட அண்ணனோடு முப்பது வருஷம் கதைக்காமல் இருந்தவள் நான்.

எல்லாம் அரைகுறை நோர்வே மொழியில்தான் நடந்தது. இங்கே என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். அந்த மொழியில் எங்களுக்குத் திட்டத் தெரியாதது பெரிய உதவி.

நீ கேட்டது ஒரு விரல்நுனி இடம். நீ சிறுமியாக இருந்தபோது விழுந்த கோட்டில் வீடு ஒரு பக்கம், உன் தகப்பன் நட்ட ஒலிவ மரங்களும் ஊற்றும் மறுபக்கம் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு அவை உங்களுடையவை அல்ல. மிரியம் கேட்டது பக்கத்துக் குன்று.

"அது உங்களிட்டை இருந்தா, ஏறி நிண்டு என்ரை மகன்ரை வீட்டுக்குள்ளை பாப்பியள்."

"உன்ரை மகன்ரை வீட்டிலை பாக்க என்ன கிடக்கு?"

"அவனும் அவன்ரை ஊத்தைச் சட்டையளும்தான். எண்டாலும் குன்று எனக்கு வேணும்."

நீ சிரித்தாய். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாய். "குன்றை எடு. ஊற்றைத் தா."

மிரியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டாள். "உன்ரை அப்பா எத்தினை மரம் வைச்சவர்?"

"பதினொண்டு."

"என்ரை அப்பா ஒண்டும் வைக்கேல்லை. அவர் ஓடினபடியே இருந்தவர்." அப்படிச் சொல்லிவிட்டு, ஊற்றைச் சுற்றித் தானே கோட்டை வளைத்து விட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? எங்கள் ஊர் வேலியில் பெண்கள் பக்கத்து வீட்டுக்குப் புகுந்து போக ஒரு பொட்டு, ஆள் நுழையும் ஓட்டை, விடுவோம், இதிலும் விடுங்கள் என்றேன்.

"அதுக்குப் பூட்டும் திறப்பும் ஆரிட்டை இருக்கும்?" என்றாள் மிரியம்.

"பொட்டுக்கு என்னடி திறப்பு? குனிஞ்சு போறதுதான்."

ஊற்றுக்கு நேரே ஒரு விரல் இடைவெளி விட்டோம். சாட்சிக் கையெழுத்துக்கு யூசுப்பைத் தட்டி எழுப்பினால், "தேத்தண்ணி வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். உன் எள்ளு ரொட்டி சுற்றிவந்த தாளைத் தட்டிவிட்டு, கோட்டை அதில் படியெடுத்துக்கொண்டாய்.

அடுத்த கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று வரைபடம் சுவரில் தொங்கியது. எங்கள் கோட்டின் மேல் தடித்த கறுப்பு மையில், அடிமட்டக் கோல் பிடித்து, நேராக இன்னொரு கோடு. வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த மனிசன் செய்த வேலை. வயதானவர்களின் கை நடுங்கிவிட்டது, ஆட்கள் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று திருத்தினானாம். மிரியமின் குன்று உன் பக்கம் போயிற்று. உன் ஊற்று அவள் பக்கம் போயிற்று. பொட்டு அடைபட்டது.

மிரியம் தன் பாஷையில் கத்தினாள். "அது இவளின்ரை ஊற்று!" என்று கத்தினதாகப் பிறகு சொன்னாள். அவளை இழுத்து இருத்தியவள் நீ. "விடு, நல்லது செய்யத்தான் நினைச்சவன்," என்றாய். அவன் நீட்டிய கோப்பியையும் வாங்கிக் குடித்தாய். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நீங்கள் இருவரும் குறொன்லாண்ட் பகுதிக் கடையில் எந்த ஒலிவங்காய் திறம் என்று சண்டை பிடிப்பீர்கள். பையைத் தூக்கியபடி நான் நிற்பேன். அதற்கு ஒருநாளும் ஒருத்தியும் நன்றி சொன்னதில்லை.

நீ அவனை அன்றைக்கே மன்னித்தாய். மிரியம் ஒரு வருஷம் பொறுத்து மன்னித்தாள். என்னால் முடியவில்லை. இரண்டு பெண்கள் வாழ்நாளில் ஒருதரம் விட்டுக்கொடுத்து வளைத்த வளைவு அவன் கண்ணுக்கு நடுக்கமாகத் தெரிந்தது. உங்கள் இரண்டு பேருடைய கோபத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன், கெடாமல், பத்திரமாக. அவன் பெயர் ஸ்தைனார்.