கடல் ஏறாது என்று தேடினேன்

13.10.2007, சனி

மழை. மகள் அஞ்சுவுக்கு மூக்கொழுகல். பிள்ளையைப் பக்கத்து வீட்டு சரோஜம்மாவிடம் விட்டுவிட்டு, வேலை பார்க்கும் நெட் கஃபேக்கு ஓடப் பார்த்தேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். காலநிலை மாறுகிறது என்று சொன்னவர்களுக்குப் பெரிய பரிசாம், டிவியில் காட்டினார்களாம். கடல் ஏறுமாம்.

"மோளே, பின்வாசல் கால்வாய் வருஷா வருஷம் ஒரு படி ஏறுதில்ல? இனியும் ஏறுமோ? வீட்டை வித்துட்டு மேட்டுல இருக்கிற களமசேரிக்கு வான்னு அனீஷ் ஒரே சண்டை. கம்ப்யூட்டர்ல நோக்கிச் சொல்லு. நீ சொல்றதை வச்சுதான் தீர்மானம்."

மகன் வீட்டுக்கு அவர் போய்விட்டால் அஞ்சுவை யார் பார்ப்பது? என் வீட்டுக்காரர் கலூர் ஹோட்டலுக்கு விடியுமுன் போனால் இருட்டித்தான் வருகிறார். நான் வேலையை விட வேண்டியதுதான்.

15.10.2007

கடைக்கார இஸ்மாயில் இக்கா தொழுகைக்குப் போன நேரத்தில் தேடினேன். முதலில் நியாயமாகத்தான் கேட்டேன் — கொச்சிக்குக் கடலால் ஆபத்து உண்டா? வந்த பக்கங்களெல்லாம் ஆபத்து உண்டு என்றே சொன்னன. ஒவ்வொன்றாக மூடினேன். பிறகு கடல் ஏறாது, எல்லாம் புரளி என்று அடித்துத் தேடினேன். கேட்டது கிடைத்தது. எங்கோ குளிர் நாட்டில் ஒருவர், இதெல்லாம் வெறும் பூச்சாண்டி என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். அதை மட்டும் பிரிண்ட் எடுத்தேன்.

பொய் சொல்லவில்லையே. இருப்பதைத்தானே எடுத்தேன்? இந்த வக்கீல் வேலையெல்லாம் யாரிடம், மகா?

16.10.2007

சரோஜம்மா மலையாளம் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. விரல் வைத்து வாசித்து அர்த்தம் சொன்னேன்.

"அப்ப டிவியில சொல்றது?"

"அதெல்லாம் நிலத்தை மலிவா வாங்கப் பார்க்கிற புரோக்கருங்க கிளப்பி விடறதும்மா."

அந்தத் தாளில்கூட அப்படி இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். சந்தோஷத்தில் கப்பக்கிழங்கை வேகவைத்து மீன்கறியோடு கொடுத்தார்.

28.10.2007

அனீஷ் வந்திருந்தான். பத்திரிகையில் வந்த கட்டுரை ஒன்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். அவர் கையை வீசி, "இதெல்லாம் புரோக்கருங்க எழுதுறதுடா. மகா கம்ப்யூட்டர்ல பார்த்தவளாக்கும்" என்றார்.

"சேச்சி, நெஜமாவே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அவன் சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

5.11.2007

ஒன்றுமில்லை. தூக்கம்தான் வரவில்லை.

25.11.2007

நேற்று பௌர்ணமி. கடல் பொங்கிக் கால்வாய்கள் நிரம்புவதை இங்கே வேலியேற்றம் என்கிறார்கள். இன்று அது பின்படிகளைத் தாண்டி சரோஜம்மாவின் அடுக்களைக்குள் வந்துவிட்டது. கறுப்புத் தண்ணீர், கணுக்கால் அளவு. அஞ்சு கட்டிலில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறாள். சரோஜம்மா குனிந்து சட்டியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"ஒரு நாளைக்குத்தான், வெள்ளம் இறங்கிரும். உன் தாள்ல அப்படித்தானே?"

அவர் பாதத்தில் ஏற்கெனவே சர்க்கரைப் புண். அந்தப் புண்ணோடு அந்தத் தண்ணியில! ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

26.11.2007

அன்றைக்கு மூடிய பக்கங்களையெல்லாம் திரும்பத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். மலையாளத்திலும் இரண்டு கிடைத்தன. சரோஜம்மா கையால்கூடத் தொடவில்லை.

"புரோக்கருங்க வேலைன்னு நீதானே சொன்னே? நேத்து வெள்ளத்தைக் கண்டு பயந்துட்டியா?" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். என்னைத் தேற்றுகிறார்! உண்மையைச் சொல்லாமலே தாள்களை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். எதை நம்பக்கூடாது என்று நான் கற்றுக்கொடுத்தது மட்டும் அவருக்கு நன்றாகப் பதிந்திருக்கிறது.

3.12.2007

தாள் காட்டி இனிப் பயனில்லை. அஞ்சுவை இன்று அங்கே விடவில்லை. தண்ணீர் வருகிற வீட்டில் பிள்ளையை விடப் பயமாக இருக்கிறது என்றேன்.

"அப்ப இந்த வீடு உன் பிள்ளைக்கு ஆகாது. எனக்கு ஆகும். அப்படித்தானே?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்க போயிட்டா இவளை யார் பார்ப்பாங்கன்னுதான்மா, வேற ஒண்ணுமில்ல.

திட்டுவார் என்று நின்றேன். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போனார்.

22.12.2007

சரோஜம்மா களமசேரிக்குப் போய்விட்டார். அஞ்சுவைத் தூக்கி முத்தம் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வேலையை விட்டதைக்கூட அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லி எதைச் சரிக்கட்டுவது?

அனீஷ் மட்டும் சாமான் ஏற்றிய வண்டிப் பக்கம் நின்று பேசினான். புண் ஆழமாகிவிட்டதாம். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் கால்விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியும் அம்மா அசையவில்லையாம்.

"எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன் சேச்சி. 'சொல்றவங்களுக்கெல்லாம் ஒரு தேவை இருக்கு. அந்த டாக்டருக்கு என்ன தேவையோ, யாரு கண்டா'ன்னு சொல்றாங்க."