ஆமைக்கு எரிபொருள் கொண்டுவந்திருக்கிறேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அம்மாவின் கழுத்து வலியைத் தவிர எல்லோரும் நலம். அடுத்த வரியில் நீ நலமா என்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

காகிதத்தில் கடிதமா என்று சிரிப்பாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மாவின் போனிலிருந்து எதை அனுப்பினாலும் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். கம்ப்யூட்டரில் நாம் ஆடுகிற விண்கப்பல் விளையாட்டுக்குள் நான் அனுப்பிய செய்தி எதையும் நீ திறக்கவே இல்லை. போன மழைக்கு உனக்குப் போர்வை அனுப்பினோமே, அந்தப் பார்சல் ரசீதில் உன் அறை முகவரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் உறையில் எழுதியிருக்கிறேன். அறையை மாற்றியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்து சேர்ந்துவிட்டேன். உன் கப்பல் 'ஆமை' எரிபொருள் தீர்ந்து நிற்பதாக விளையாட்டின் நண்பர் பட்டியல் காட்டுகிற அந்த மங்கல் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் என் கப்பலும் நிற்கிறது. தொட்டி நிறைய உனக்காகக் கொண்டுவந்திருக்கிறேன். கொடுக்கத்தான் முடியவில்லை. ஒருவர் விளையாட்டை விட்டு வெளியே போய்விட்டால் அவருடைய கப்பல் யார் கண்ணுக்கும் தெரியாதே. நீ உள்ளே வந்தால்தான் ஆமை தெரியும், தெரிந்தால்தான் குழாயை மாட்ட முடியும். தலையணை உறைகளைத் தைத்து முடித்ததும் தினமும் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த நட்சத்திரத்தையும் இருட்டையும் தவிர ஒன்றும் இல்லை.

உன் பழைய கம்ப்யூட்டரைத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்திருக்கிறோம். அம்மா தைத்த உறைகளை எல்லாம் அதன் பெட்டி மேல் அடுக்கிவிடுகிறாள். அந்தச் சூட்டில் துணி இஸ்திரி போட்ட மாதிரி ஆகிறதாம், கரண்டை வீணாக்காம ஒரு வேலையாவது செய்யட்டும்டி என்கிறாள். காற்றுப் போக வழியில்லாமல் அது நடுவில் அணைந்துபோகிறது. உன்னைத் தேடிக் கிளம்பிய முதல் தடவை, ஒரு கனமான கிரகத்தில் இறங்கும்போது இப்படித்தான் அணைந்தது. மறுபடி போட்டுப் பார்த்தால் கப்பல் நொறுங்கிக் கிடந்தது. விளையாட்டு என்னைத் தூக்கி முதல் விண்வெளி நிலையத்தில் போட்டுவிட்டது. பாதி வழி வந்தவள் திரும்ப ஆரம்பத்திலிருந்து கிளம்பினேன். அழுகை வந்துவிட்டது. அம்மா ஊசி குத்திவிட்டதா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

அதற்கு நடுவில் புது அப்டேட் வேறு. நீ எனக்குப் பழக்கிக் கொடுத்த பொத்தான்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டார்கள். சக்கரத்தை இறக்க அமுக்கினால் விளக்கு எரிகிறது, விளக்கைப் போட அமுக்கினால் சரக்கு வெளியே கொட்டுகிறது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதிச் சரக்கை வானத்தில் இறைத்துவிட்டேன்.

நான் தனியாக வந்து சேரவில்லை. வழியில் தீர்ந்துபோனவர்களுக்கு எரிபொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு குழு இருக்கிறதே, அவர்களிடம் கேட்டேன். மைக்கில் பேசு என்றார்கள். எனக்குப் பேச்சு வராது, எழுதுகிறேன் என்று சொன்னேன். அந்தக் குழுவில் மூத்தவரை எல்லோரும் டேங்கர் மாமா என்று கூப்பிடுகிறார்கள். நல்ல மனிதர், ஆனால் வாய் அதிகம். இங்கே வரைக்கும் கூடவே வந்து, உனக்காக என்னோடு மூன்று நாள் காத்திருந்தார். பிறகு, தங்கச்சி, ஆளே இல்லாத இடத்துல குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேனே, நான் என்ன செடிக்கா தண்ணி ஊத்துறேன் என்று கேட்டார். உங்க அண்ணன் வந்தா ஒரு குரல் கொடு, எங்கே இருந்தாலும் ஓடி வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகும்போது உனக்குச் சொல்லச் சொன்ன புத்திமதிகளை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு முன்னால், போகிற நட்சத்திரம் என்ன நிறம் என்று பார்க்கச் சொன்னார். மஞ்சளும் வெள்ளையும் எரிபொருள் கொடுக்குமாம், பழுப்பு நிறத்தில் மங்கலாக இருப்பவை கையை விரித்துவிடுமாம். பாதித் தொட்டிக்குக் கீழே வந்துவிட்டால் அடுத்த மஞ்சளில் கட்டாயம் நிற்க வேண்டும். அடுத்ததுல பார்த்துக்கலாம்னு போனவன் எல்லாரும் இப்போ என் லிஸ்ட்ல இருக்கான் என்றார். தூரம் போகிறவன் துப்பாக்கியையும் தேவையில்லாத சரக்கையும் கழற்றி நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போகணுமாம், எடைதான் எரிபொருளைக் குடிக்கிறதாம். அப்படியும் தீர்ந்துபோனால், முக்கி முனகி ஓட்டப் பார்க்காமல் உடனே விளையாட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கும். வந்ததும் உடனே எங்களைக் கூப்பிடணும், இதுல வெட்கப்பட என்ன இருக்கு, எங்களுக்கு வேற பொழப்பே இல்ல என்றார்.

இதில் ஒன்றுகூட உனக்குத் தெரியாதது இல்லை. எல்லாவற்றையும் தலையில் குட்டிக் குட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். ஆனால் உங்க அண்ணன் புதுசா என்று அவர் கேட்டபோது, ஆமாம் மாமா, ரொம்பப் புதுசு என்று எழுதிவிட்டேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஏனென்றால் நான் நீ போன வழியிலேயே வந்தேன். வழி கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முதலில் போனவரின் பெயர் அந்த நட்சத்திரத்தில் பதிந்திருக்கும் அல்லவா, கடைசி நிலையத்தைத் தாண்டிய பிறகு எங்கே பார்த்தாலும் உன் பெயர்தான். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், வழி நெடுக மஞ்சள் நட்சத்திரங்கள் இருந்தன. நான் ஒவ்வொன்றிலும் நின்று நிரப்பிக்கொண்டு வந்தேன். டேங்கர் மாமா உன் கப்பலின் தொட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு இடத்தில் நிரப்பியிருந்தாலும் இங்கே நின்றிருக்காது என்றார். நீ எதிலும் நிற்கவில்லை. எந்தப் பக்கமும் திரும்பவும் இல்லை. நிலையங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே கோடாகப் போயிருக்கிறாய். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை, அண்ணா.

நிரப்ப மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். எப்படி மறந்தாய் என்று கேட்க மாட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இந்த இடத்தில் பேனாவை மூடி மூடித் திறந்தேன். நீ உள்ளே இருந்தால் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். கோடையிலிருந்து அது வேலை நாட்களில் காலையிலும் எரிந்தது, மத்தியானமும் எரிந்தது. லீவா என்று கேட்டேன். வீட்டிலிருந்தே வேலை என்று பதில் போட்டாய். வேலை பார்க்கிறவனுடைய கப்பல் அப்படி நாள் முழுக்க ஓடாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அந்தப் புள்ளியும் எரிவதில்லை. நீ தூங்குகிறாயா, வெளியே போகிறாயா, யாரோடாவது பேசுகிறாயா, ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் செய்தி வருகிறது. நல்லா இருக்கேன்மா, வேலை அதிகம். எப்போதும் இதே வரி. அம்மா அதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு மூச்சு விட நேரமில்லையே என்று அங்கலாய்த்துக்கொண்டே அதை அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டப் போகிறாள். கூப்பிட்டால் எடுக்கவே மாட்டேங்கிறானே, இவன் என்ன மந்திரியா என்று அப்பா திட்டுகிறார். ஆனால் உன் விசிட்டிங் கார்டைப் பட்டறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பதும் அவர்தான். கிரீஸ் கையோடு யாரும் அதைத் தொடக் கூடாதாம். வண்டி பழுதுபார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அதனால்தான் இந்த அவசரம். பட்டறைக்கு வருகிற பால் வண்டிக்காரர் இருக்கிறாரே, அவருடைய மகன் படிப்பை முடித்துவிட்டான். இந்த மாதக் கடைசியில் வேலை தேடி உன் ஊருக்குத்தான் வருகிறான். அப்பா அவனிடம், நேரா ஆபீஸ் வாசலுக்குப் போய் என் பையன் பேரைச் சொல்லு, மத்ததை அவன் பார்த்துக்குவான் என்று சொல்லிவிட்டார். கார்டைப் பார்த்து முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லலாமே அப்பா என்றேன். அண்ணன் ஆபீஸுக்குப் போறதுக்கு அம்மணிகிட்ட பர்மிஷன் வாங்கணுமாம் என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

நேற்று சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது அப்பா தனியாக இருந்தார். சொல்லிவிடலாம் என்று நின்றேன். என்னம்மா என்றார். அவர் நெற்றியில் கரி அப்பியிருந்தது. நெற்றியில் கரி அப்பா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணா, பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் பையோடு பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு வார்த்தை பாதியில் நின்றுவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பயந்துதான் போனேன். வெளியே தெரிந்தால் வீடே இடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீதான் வந்து கண்டுபிடித்தாய். எத்தனை நாளாக இப்படி என்று கேட்கவில்லை. வெயில்ல ஏன்டி உட்கார்ந்திருக்கே, அந்தப் பக்கம் நிழல் இருக்கே என்று மட்டும் கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதிலாக அப்பாவிடம் சொன்னதும் நீதான். அப்பா கத்தினார், தட்டைத் தள்ளினார், ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள், அவ சாப்பிட்டாளா என்று அம்மாவிடம் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. வீடு அப்படியே நிற்கிறது, நான் அதற்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் என்னால் அங்கே வர முடியாது. தனியாக ரயில் ஏறத் தெரியாது, டிக்கெட் கொடுக்கிறவரிடம் ஊர் பேரைச் சொல்லவே எனக்கு அரை நாள் ஆகும். என்னால் முடிந்தது ஒன்றுதான். பால் வண்டிக்காரர் மகன் கிளம்புவதற்குள் உன் வேலை விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லிவிடவா? தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில், அம்மாவுக்குக் கேட்காமல், சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருக்கிறேன். நான்கே வரிதான். ஆனால் உன்னைக் கேட்காமல் சொல்லப் பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்க அதைவிடப் பயமாக இருக்கிறது.

சொல் என்று நீ சொன்னால் சொல்கிறேன். வேண்டாம் என்றால், ஏய், உன் வேலையைப் பார்த்துக்கிட்டு போடி என்று திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு. அம்மாவிடமிருந்து போனை வாங்கி நானே எடுக்கிறேன். நான் பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் காத்திரு, எப்படியாவது பேசிவிடுவேன்.

நலமா, அண்ணா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை