பாஸான கம்பெனி

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மெர்லின் அப்பாவுக்கு,

கொச்சியில் மழை எப்படி இருக்கிறது? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார் டாக்டர், அவ்வளவுதான்.

தொழிலாளர்களை ஒழுங்காக நடத்தும் கம்பெனிகளின் சங்கம் ஒன்று இருக்கிறதாம். அதில் உறுப்பினரானால்தான் வெளிநாட்டுக்காரர்கள் நம் உப்பை வாங்குவார்களாம். சங்கத்திலிருந்து சோதிக்க ஒரு அம்மா எங்கள் உப்பளத்துக்கு வந்தார். என்னைத் தனியாக அழைத்து, "பயப்படாம சொல்லுங்க, கக்கூஸ் வசதி இருக்குதா?" என்று கேட்டார்.

எதைக் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்லும்படி மேஸ்திரி தட்சணாமூர்த்தி முன்பே சொல்லியிருந்தார். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கட்டி ஒரு வருஷமாச்சும்மா. நீங்க வர்றீங்கன்னு இன்னிக்குத்தான் பூட்டைத் திறந்தாங்க."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் நேற்று மேஸ்திரி லட்டோடு வந்தார். "உன்னாலதான் பாஸாயிட்டோம்! இங்க ஆளுங்க பயமில்லாம பேசறாங்கன்னு எழுதிட்டாங்க. பூட்டை எடுத்துடறோம்னு முதலாளியும் சொல்லிட்டாரு" என்றார். நான் குறை சொன்னேனா, சிபாரிசு செய்தேனா என்று எனக்கே புரியவில்லை.

இன்று போய்ப் பார்த்தால் பூட்டு அப்படியே தொங்கியது. மேஸ்திரியிடம் சாவி கேட்டேன்.

"அடுத்த வருஷம் அந்தம்மா வரும்போது சொல்லு" என்று சிரித்தார்.

நான் நீட்டிய கையை மடக்காமல் நின்றேன். மற்ற பெண்களும் வந்து என் பின்னால் நின்றார்கள். கடைசியில் கொடுத்துவிட்டார். சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. இதுவரை திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி