பாதி ஏணியில் தெரியும் கடல்

ராயபுரம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ரோசிக்கு,

உன் வேதமாணிக்கம் எழுதுவது. இங்கே வீட்டில் ஒரு குறையும் இல்லை. மஸ்கட்டில் நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியம்மா இப்போதாவது அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாரா? போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அழு. உன் தம்பி ஜோ இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வைத்த மெடிக்கல் செக்கப்பில் என் நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜோவும் கூட வந்தான். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு ரொம்பவே சுருங்கிவிட்டதாம். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மயக்கம் வருகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றுமே இல்லை என்றேன். தொந்தரவு இருந்தால் வால்வை மாற்றியாக வேண்டும், நிஜமாகவே இல்லையென்றால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் காத்திருக்கலாம் என்றார். எதற்கும் நாளைக்கு அவர் எதிரில் மெஷினில் நடந்து காட்ட வேண்டும்.

எனக்கு என்ன தொந்தரவு, சொல். இந்த வருஷம்தான் நான் சந்தோஷமாக இருக்கிறேன். முன்பெல்லாம் கிரேன் ஏணியில் ஒரே மூச்சாக ஏறுவேன், கடல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்ததில்லை. இப்போது பாதியில் நிற்கிறேன். விடியற்காலைப் பனியில் கப்பல்கள் தண்ணீரைத் தொடாமல் தொங்குவது போலத் தெரியும். ஸ்டேஷன் மேம்பாலப் படியிலும் நிற்கிறேன், ரயில் போன பிறகும் தண்டவாளம் மினுங்கிக்கொண்டே இருக்கும். மாதா திருவிழாவில் சப்பரம் தூக்குவதை இளசுகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மெழுகுவர்த்திக் கூட்டத்தோடு பின்னால் மெதுவாக வந்தேன். தூக்கத்தில் நடக்கிற மாதிரி சுகமாக இருந்தது.

இதையெல்லாம் பெருமையாக ஜோவிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நீ இன்னா கடல பாக்கவா நிக்கிற மாமா? மூச்சு வாங்குது, நின்னுகினு கீற. நின்னா கடல் தெரியுது, அவ்ளோதான்" என்றான். வாயை மூடு என்று திட்டி அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்தேன். சமதரையில் நான் ஒரு நாளும் கடலைப் பார்த்து நின்றதில்லை, ரோசி.

பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இனி கிரேனில் ஏற விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஏணியிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தால் என் வாய் மறுபடி ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். ஆகவே காலையில் ஜோ போனில் நீயே அவரிடம் பேசு. நான் எங்கெங்கே நிற்கிறேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடு.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நீ ஊருக்கு வரும் அன்றைக்கு ஏர்போர்ட்டில் உன் பெட்டியை ஜோவிடம் கொடுத்துவிடாதே. நான் வந்து தூக்குகிறேன்.

உன்,
வேதமாணிக்கம்