அக்டோபர் பதினாறின் கடைசி வரி

திருச்செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி,
அக்டோபர் 6

அன்பு மகள் சந்தனச்செல்விக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நான் நன்றாக இருக்கிறேன், சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அது போதும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த ஒரு வருஷமாக நீ சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், அதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எழுதிப் படமெடுத்து அனுப்பலாம் என்றால் நம் கடையில் வேலை பார்க்கும் மகாராஜாவிடம்தான் போனைக் கொடுக்க வேண்டும், மூன்று பெண்ணுக்குத் தகப்பன் ஆகியும் அவனுக்கு அடுத்த வீட்டுக் கதை என்றால் சர்க்கரைப் பொங்கல், படமெடுப்பதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுவான். அதனால் கூரியரில் போடுகிறேன், ஏழெட்டு நாளில் கனடா போய்விடும் என்று அடித்துச் சொல்கிறார்கள், பார்ப்போம்.

முதலில் சொல்ல வேண்டியது, நேற்று ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி கொடுத்தாகிவிட்டது. பதினாறாம் தேதி என்றல்லவா சொன்னீர்கள், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நீ கோபப்படுவாய். தப்பு என்னுடையதுதான். நாற்பது வருஷமாகக் கயிற்றுக் கடை வாசலில் கரும்பலகை வைத்து, வரலாற்றில் இன்று என்று தலைப்புப் போட்டு எழுதியவனுக்கு மண்டை முழுக்க இங்கிலீஷ் தேதிதான். பகவதி போனது அக்டோபர் பதினாறு, முடிந்தது கதை. ஐயரிடமும் பதினாறு என்று சொல்லிவைத்தேன், உனக்கும் அதையே சொன்னேன். போன வாரம் ஏரலிலிருந்து வந்த உன் அத்தை தங்கத்தாய் சுவரில் கிடந்த தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏலே, ஊருக்கெல்லாம் தேதி சொல்லுதியே, ஒனக்குப் பொண்டாட்டி திதி தெரியலையா, புரட்டாசி வளர்பிறைச் சதுர்த்தசியில போனவளுக்குத் தேய்பிறையில சோறு வைக்கப் போறியா, அவ நேரத்துக்கு வந்து பசியோட வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போயிருவாலே என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஐயரிடம் ஓடினேன், அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் அந்தத் திதி அஞ்சாம் தேதியே வந்துருது அண்ணாச்சி என்றார். போனில் உன்னிடம் அந்தப் பேச்சை எடுக்கப் பயந்துகொண்டு அத்தையும் நானுமாகத் திருச்செந்தூர் போய்க் கடலில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தோம். அலை இழுத்துக்கொண்டே இருந்தது, அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலமே அவளும் ஏரல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்பதில்லை, நானே சொல்கிறேன். சனிக்கிழமை கடை ஷட்டரை இறக்கினால் திங்கள் காலை மகாராஜா வந்து அண்ணாச்சி என்று கூப்பிடும்வரை என்னை ஒரு பிள்ளை கூப்பிடாது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்கிறேன், சிரிக்காதே. மேல வீட்டுச் செல்வராணி குழம்பு கொடுத்துவிடுகிறாள், நல்ல பிள்ளை, உப்புதான் அள்ளிப் போடுகிறாள். கரும்பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஒரு வருஷம் ஆகிறது, அதன்மேல் நைலான் கயிற்றுச் சுருளைச் சாத்திவைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் திரேஸ்புரத்து ஆட்கள் படகுக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் பலகை எங்கே என்று கேட்டார்கள், இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் பதினாறுக்கு நம் பலகையில் எவ்வளவு கூட்டம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா. 1793 பிரான்ஸ் தேசத்து ராணியின் தலை வெட்டப்பட்டது, 1799 கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது, 1905 வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது, 1964 சீனாக்காரன் முதல் அணுகுண்டு வெடித்தது. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசி வரியாக 1988 சந்தனச்செல்வி பிறந்தாள், தூத்துக்குடி என்று எழுதுவேன். உனக்கு ஒரு வயசு ஆனபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்த அம்மா அதைப் படித்துவிட்டு வாசலிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். தலைய வெட்டுனது, தூக்குல போட்டது, குண்டு வெடிச்சது எல்லாத்தையும் எழுதிட்டு அதுக்கடியில எம் பிள்ளையப் போடுதீயளே, அன்னைக்கு உலகத்துல நல்லது ஒண்ணுகூடவா நடக்கல என்று கேட்டாள். ஊரே பார்த்துச் சிரித்தது. அதற்காக நான் ஒரு மாதம் லைப்ரரியில் தவம் கிடந்தேன். 1978இல் புதுப் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுத்த நாள் என்று கண்டுபிடித்ததும் நம் திரேஸ்புரத்து ரோச்சுக்குத் தலைகால் புரியவில்லை, அன்றிலிருந்து வருஷா வருஷம் காலையிலேயே வந்து எங்க ஆளு ஏறியாச்சா அண்ணாச்சி என்று சரிபார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவான். ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது இன்னொன்று. 1846இல் அதே நாளில்தான் பாஸ்டன் ஊரில் நோயாளியை மயக்கி வலி தெரியாமல் ஆபரேஷன் பண்ணுவதை ஊரறியச் செய்து காட்டினார்கள். உன்னை ஆபரேஷன் பண்ணித்தானே எடுத்தார்கள். இதையில்லா மொதல்ல எழுதணும், ராணி கெடக்கா என்று சொல்லி உன் அடுத்த பிறந்தநாளுக்குப் பாயசம் வைத்துக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

போன வருஷமும் பாயசம் வைத்தாள். இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி. நீ அம்மா போன மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது அத்தை உன்னைக் கட்டிக்கொண்டு, ஏளா, ஒன் போனுக்குக் காத்திருந்தே உசிர விட்டுட்டாளே என்று அழுதாள். அதை நீ மனசில் வாங்கிக்கொண்டாய். திரும்பிப் போகும்போது வாகைக்குளம் ஏர்போர்ட் வாசலில் நின்று, இனிமே எனக்குப் பிறந்தநாள்னு ஒண்ணு கிடையாதுப்பா, பலகையில எழுதாதீங்க என்றாய். நான் சரி என்று தலையாட்டினேன். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. நடந்தது இதுதான். அன்று காலை பத்து மணிக்கு அம்மா நெஞ்சைப் பிடிச்சமாரி இருக்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருவோமா என்று கேட்டாள். அவள்தான் கேட்டாள், செல்வி. நான்தான் வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணீர் குடி, பிள்ளை மூன்றரை மணிக்குப் பேசுவாள், பேசிவிட்டுப் போவோம் என்று சொன்னேன். காத்திருக்கச் சொன்னது நான். நீ பேசி வைத்த அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தைக்குத் தெரியாது, அவள் தெரிந்ததைச் சொல்லி அழுதாள். எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன், உன் முகத்தைப் பார்க்கப் பயந்து. என் பாரத்தை ஒரு வருஷமாக உன் தலையில் ஏற்றிவிட்டு இங்கே நான் தனியாக இருக்கிறேனே என்று அழுதுகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அம்மாவின் நாள் இனி ஒரே இடத்தில் நிற்காது, வருஷா வருஷம் சதுர்த்தசி எங்கே போகிறதோ அதன் பின்னால் அவளும் போய்விடுவாள். பதினாறாம் தேதி எங்கேயும் போகாது, அது உன்னுடையது. பிள்ளையின் நாளை நாம் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று அவளே நகர்ந்துபோனாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நீ நம்பினால் நம்பு. காலையில் மகாராஜாவை விட்டுக் கயிற்றை எடுக்கச் சொல்லிப் பலகையை ஈரத்துணியால் துடைத்து வைத்திருக்கிறேன். பதினாறாம் தேதி ஷட்டரைத் தூக்கியதும் எழுதுவேன், பாஸ்டன் முதல் வரி, ரோச்சின் போப்பாண்டவர், கட்டபொம்மன், கடைசி வரி நீ. நீ பேசுவாயா என்று காத்திருந்து எழுத மாட்டேன், இந்த வீட்டில் ஒரு தடவை காத்திருந்தது போதும். கோபம் இருந்தால் இருக்கட்டும், என்னைத் திட்டுவதற்காவது அன்றைக்கு ஒரு போன் பண்ணு, நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், செந்தூரான் இலை விபூதி இதோடு வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே, உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது நெஞ்சைப் பிடித்தால் அடுத்த நிமிஷம் டாக்டரிடம் போ, வாயு என்று யார் சொன்னாலும் கேட்காதே, அப்பாவே சொன்னாலும் கேட்காதே.

உன் அப்பா,
சங்கரபாண்டியன்