ஒத்த தன்மை

மாமு,

இன்று காலை மீன்காரி கூடையை இறக்கி ஈரக் கோணியை விலக்கினாள். அடியில் ஒரு வஞ்சிரம் மட்டும் கிடந்தது. "ஒத்த மீனுதான் கீது தாத்தா, எட்த்துக்கோ" என்றாள். அந்த ‘ஒத்த’ காதில் விழுந்ததும் கூடையை மூடச் சொன்னேன். மீன் புதுசுதான். நாறியது பழைய ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள்.

அப்போது எம்டன் கப்பல் குண்டு போட்டுப் போய் நாலைந்து வருஷம் இருக்கும். நீ துறைமுகத்தில் கரி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. நான் உன் கீழே கூடை தூக்குகிறவன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் ராயபுரத்துக் கோயிலுக்குப் புதிதாக வந்த உபதேசியார் சாயங்காலங்களில் பாடம் வைத்தார். நகக்கண்ணில் கரியோடு போய் உட்காருவோம். ஆதிச் சபையில் வேதத்தை வாசிக்க இரண்டு வழி இருந்ததாம். அலெக்சந்திரியா ஊர்க்காரர்கள் ஒவ்வொரு சொல்லுக்கு உள்ளேயும் வேறொரு பொருள் ஒளிந்திருக்கிறது என்றார்களாம். அந்தியோகியாக்காரர்கள், எழுதினவன் என்ன நினைத்து எழுதினான், என்ன நடந்தது, அதை முதலில் பிடி என்றார்களாம்.

நீ அன்றைக்கே அலெக்சந்திரியா கட்சி. நான் மற்றது. கரிக் குவியல் மேலேயே சண்டை நடக்கும்.

"அஞ்சு அப்பம்னா மோசே எழுதின அஞ்சு ஆகமம்டா."

"பசிச்சு வந்தவனுக்கு ஆகமத்த குட்த்தா துன்னுவானா மாமு? அப்பம்னா அப்பம்தான்."

"உன் மூளைக்கு அந்த ரெண்டு மீனே ஜாஸ்தி."

கடைசிப் பாடம் பிதாவையும் குமாரனையும் பற்றியது. இருவருக்கும் ஒரே தன்மை என்பது சபையின் விசுவாசம். ஒரே தன்மை இல்லை, ஒன்றைப் போன்ற இன்னொன்று என்று ஒரு கூட்டம் சொன்னதாம். கிரேக்கத்தில் இரண்டு வார்த்தைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசமாம். அதற்காகப் பிஷப்புகள் ஒருவரையொருவர் ஊரைவிட்டுத் துரத்தினார்களாம். "பேஜாரு புட்ச்சவனுங்க" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய்.

உபதேசியார் உன்னைத்தான் எழுப்பினார். முன் பெஞ்சில் உன் சம்பந்தி ஆகவேண்டிய மளிகைக்கடைக்காரர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், உட்கார்ந்திருந்தார். வருகிற ஞாயிறு, இதை எழுதும் உன் மகளுக்கு முதல் ஓலை. கோயிலில் மூன்று வாரம் ஓலை வாசித்தால்தான் கல்யாணம்.

"குமாரன் பிதாவோடு எத்தன்மையுடையவர்?"

"ஒத்த தன்மை ஐயா" என்றாய், பெருமையாக.

அவர் முகம் கறுத்தது. "ஒத்த என்றால் போன்ற. நீர் சொன்னது கள்ளப்போதகம்."

"ஒத்தன்னா ஒண்ணு ஐயா. ரெண்டு கெடையாது. ஒத்த ரூபான்னா ஒரு ரூபாதானே?"

"எழுத்துத் தமிழில் ஒத்த என்றால் ஒப்பான. சத்தியத்தைச் சந்தை வார்த்தையால் அளக்காதீர்."

சபை முன் நின்று தப்பை அறிக்கையிடும்வரை ஓலை வாசிக்க முடியாது என்றுவிட்டார். சம்பந்தி அதற்குத் தலையாட்டினார்.

மறுநாள் சம்பந்தியின் கடைக்குப் போனேன். ஒரு அம்மாளிடம், "ஒத்தத் தேங்காதான் இருக்கு, வேணும்னா எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இப்ப இன்னா சொன்னீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "தேங்காய்க்கு அது சரி வே. வேதத்துக்குச் சரிப்படாது. நாளைக்கு ஊருல நாலுபேர் பேசுவான்."

இந்தச் சொல் தெரியாதவன் செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். உபதேசியாரும் அந்தச் சீமைக்காரர்தான். பெற்றவள் அவரை ஒத்தப் பிள்ளை என்று கொஞ்சித்தான் வளர்த்திருப்பாள். சொல்லின் உள்ளே பார் என்று லெந்து முழுக்கப் போதித்த மனுஷன் சொல்லின் தோலைப் பிடித்துத் தொங்கினார். அந்தியோகியா வழியில் போயிருந்தாலும் சொன்னவன் என்ன நினைத்தான் என்று கேட்டிருப்பார். இரண்டு வழியையும் கற்றவருக்கு இரண்டும் உதவவில்லை. சீ.

ஞாயிற்றுக்கிழமை வெளுத்த வேட்டி கட்டி சபை முன்னால் நின்று, அவர் சொல்லச் சொல்ல "ஒரே தன்மை" என்றாய். குஷ்டம் நீங்கினவனைப் பார்ப்பதுபோல் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். சம்பந்திதான் முதலில் ஆமென் சொன்னார். ஓலை வாசித்தார்கள்.

வெளியே வந்து, "பொண்ணுக்காகத்தான்டா. அவுரு கேட்டதும் ஒண்ணுதான், நான் சொன்னதும் ஒண்ணுதான். அப்பால இன்னா?" என்றாய்.

அப்பால நீ அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. கரித் தொட்டியில் ஒத்தக் கூடை வேண்டுமென்றால் ஒரு விரலைத் தூக்குவாய். "மேஸ்திரிக்கு வாய் சுளுக்கிக்கிச்சி" என்று பையன்கள் கேலி செய்தார்கள். சாகிறதுக்கு முன்னால் படுக்கையில் கிடந்தபோது, கஞ்சி எவ்வளவு ஊற்ற என்று கேட்டாலும் விரல்தான்.

இந்த இடத்தில் உன் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா வெரலு காட்டினது இதுக்கா சித்தப்பா?"

ஆமாம் என்றதும் மறுபடி எடுத்தாள். "ஒற்றைன்னு போடட்டுமா? அதான் சரியான எழுத்து." இந்த ஓர் எழுத்தை அன்றைக்கு ஒருத்தனும் எடுத்துக் கொடுக்கவில்லை பார். வேண்டாம், உங்கப்பன் சொன்னபடியே போடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தில் ‘பிதாவோடே ஒரே தன்மை’ என்கிற வரியைச் சொல்லும்போது நான் ஒத்த என்றுதான் சொல்கிறேன் மாமு, உரக்கவே. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை.